மானிட்டர் முதலில், கிராபிக்ஸ் கார்டு அப்புறம்: பழைய கேமிங் கணினியை மேம்படுத்த முழு வழிகாட்டி

கேமிங் கணினியை மேம்படுத்த நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கார்டு வாங்கலாம்?" என்றுதான். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குபவர்களும் அதையே கேட்கிறார்கள், இணையத்தில் விலை பார்ப்பவர்களும் அதையே தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஒரு நொடிக்கு எத்தனை படம் வேண்டும், ஒவ்வொரு படத்திலும் எத்தனை புள்ளி வேண்டும் என்று கேட்பது மானிட்டர். அதை வரைந்து கொடுப்பதுதான் கார்டின் வேலை. வேலை எவ்வளவு என்று தெரியாமல் ஆளை நியமித்தால் ஒன்று பணம் வீணாகும், இல்லையென்றால் கார்டு திணறும். இன்னொன்றும் உண்டு: நல்ல மானிட்டர் ஒன்று, அடுத்தடுத்து இரண்டு கார்டுகள் மாறினாலும் மேசையிலேயே இருக்கும்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். 2019, 2020 வாக்கில் இங்கே ஏராளமாக அசெம்பிள் செய்யப்பட்ட வகை: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), 24 அங்குல 1080பி (1920 × 1080 புள்ளிகள்) 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டும்) மானிட்டர். உங்களிடம் இருப்பது இதற்குக் கொஞ்சம் மேலோ கீழோ இருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

செலவில்லாத வேலை இதுதான், பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதோடு வரும் ரிவாட்யூனர், விளையாடும்போதே திரையின் ஓரத்தில் ஃப்ரேம் எண்ணிக்கை (ஒரு நொடிக்குக் கார்டு வரையும் படங்கள்), கார்டின் பயன்பாடு, நினைவகப் பயன்பாடு, வெப்பம் எல்லாவற்றையும் காட்டும். வி-சிங்க்கை (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) அணைத்துவிட்டு, விளையாட்டிலேயே ஃப்ரேம் வரம்பு ஏதாவது வைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு, நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டில் பரபரப்பான இடமாகப் பார்த்துப் போங்கள்.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் திணறுகிறது. 60, 70 சதவீதத்தில் தொங்கிக்கொண்டு, ஃப்ரேமும் ஏறவில்லை என்றால் பிராசஸர் தடுக்கிறது. பிராசஸரின் மொத்தப் பயன்பாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரைசன் 5 3600-இல் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலைகள் ஓடும் பாதைகள்). விளையாட்டின் முக்கிய வேலை ஒரே த்ரெட்டில் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கில் 40 சதவீதம் என்றுதான் தெரியும். சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை (ஒரு படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் காரணம். ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர்.

அடுத்த சோதனை இன்னும் சுவாரசியமானது. 1440பி மானிட்டர் வாங்காமலேயே அதன் சுமை எப்படியிருக்கும் என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 3டி செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் டிஎஸ்ஆர் ஃபாக்டர்ஸ் என்பதில் 1.78 மடங்கைத் தேர்ந்தெடுங்கள். இப்போது உங்கள் 1080பி மானிட்டரிலேயே, விளையாட்டின் ரெசல்யூஷன் பட்டியலில் 2560 × 1440 வந்துவிடும். கார்டு அத்தனை புள்ளிகளையும் வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். அப்போது தெரியும் ஃப்ரேம் எண்ணிக்கைதான், ஏறத்தாழ, இதே கார்டோடு புது 1440பி மானிட்டரில் கிடைக்கப்போவது. ஏஎம்டி கார்டில் இதற்கு விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன் என்று பெயர்.

நம் உதாரணக் கணினியில் இரண்டு விதமான முடிவு வரும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி விளையாட்டுகளில் கணினி 60-ஐ எளிதாகத் தாண்டி ஓடும். அந்த உழைப்பில் பாதிக்கு மேல் 60 ஹெர்ட்ஸ் திரையில் வீணாகிறது. சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கதை விளையாட்டுகளில் கார்டு 99 சதவீதத்தில் ஒட்டிக்கொள்ளும், 6 ஜிபி நினைவகமும் நிரம்பிவிடும். முதல் வகை ஆளுக்கு உடனே வேண்டியது மானிட்டர். இரண்டாம் வகைக்குக் கார்டு. அதோடு, 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் உள்ள கார்டைக் கட்டாயமாக்கிவிட்டன. 1660 சூப்பரில் அது இல்லை. இந்த மாதிரி விளையாட்டுகள் வேண்டுமென்றால் கார்டு மாற்றம் தவிர்க்க முடியாதது.

திரையின் அளவும் புள்ளிகளும்

1080பி என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். அதாவது 1080பி-இலிருந்து 1440பி-க்குப் போனால் வேலை 1.78 மடங்கு; 4கே-க்குப் போனால் நேராக 4 மடங்கு. ஃப்ரேம் எண்ணிக்கை அதே விகிதத்தில் விழாது என்றாலும், திசை அதுதான். 3440 × 1440 அல்ட்ராவைடு திரையில் சுமார் 49.5 லட்சம் புள்ளிகள். சாதாரண 1440பி-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை.

கண்ணுக்குக் கூர்மை தெரிவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதைப் பொறுத்தது. 24 அங்குலத்தில் 1080பி என்றால் சுமார் 92. 27 அங்குலத்தில் அதே 1080பி என்றால் 82-க்கு இறங்கிவிடும். 27-இல் 1440பி என்றால் 109. 32-இல் 1440பி மறுபடியும் 92. 27 அங்குல 4கே-யில் 163.

இதிலிருந்து என் முடிவு: 27 அங்குல 1080பி மானிட்டரைத் தொடவே வேண்டாம். கடையில் பெரிதாக, மலிவாகத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதே திரையில் தமிழ் படிப்பவர்களுக்கு இன்னும் மோசம். சுழி சுழியான எழுத்துகளுக்கும் மேலே வைக்கும் புள்ளிகளுக்கும் 82 போதவே போதாது. 24 அங்குலம் என்றால் 1080பி, 27 என்றால் 1440பி, 32 என்றால் முடிந்தால் 4கே. மேசையின் ஆழம் இரண்டடிக்கும் குறைவாக இருந்தால் 32 அங்குலத்தை மறந்துவிடுங்கள், விளையாடும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கதை விளையாட்டும் போட்டி விளையாட்டும் கலந்து ஆடுபவர்களுக்கு, கூடவே படிப்பு, அலுவல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே திரை வைத்திருப்பவர்களுக்கு 27 அங்குல 1440பி-தான் சரி. வேலரன்ட் மட்டுமே உலகம் என்பவர்களுக்கு 24 அங்குல 1080பி-ஐ மாற்ற வேண்டியதில்லை. அவர்கள் பணத்தை ஹெர்ட்ஸில் போடட்டும்.

ஹெர்ட்ஸ்: எங்கே பலன், எங்கே வெறும் எண்

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி நொடி திரையில் நிற்கிறது. 144-இல் 6.9. 240-இல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி நொடி மிச்சம், இரண்டாவது தாவலில் 3-கூட இல்லை. 60-இலிருந்து 144-க்கு மாறியவர்கள் மவுஸை அசைத்த உடனேயே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். 144-இலிருந்து 240-க்கு மாறியது போட்டி விளையாட்டில் ஊறியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிவது சந்தேகம். 1440பி திரைகளில் இப்போது 165, 180 ஹெர்ட்ஸ் சாதாரணமாகிவிட்டது. அதற்கு மேல் கூடுதல் காசு கொடுக்க, உங்கள் பிராசஸர் அத்தனை ஃப்ரேமை ஊட்டுமா என்று மேலே செய்த சோதனையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்டன் ரிங் மாதிரி சில விளையாட்டுகள் கணினியில் 60 ஃப்ரேமுக்கு மேல் போகவே விடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பேனல்

திரைக்குள் இருக்கும் பேனலில் ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்று மூன்று வகை. டிஎன் வகை இப்போது அதிவேகப் போட்டித் திரைகள் சிலவற்றில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஐபிஎஸ்ஸில் நிறம் நன்றாக இருக்கும், எந்தக் கோணத்திலும் பெரிதாக மாறாது. ஆனால் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 சுற்றித்தான். இருட்டறையில் கறுப்பு, சாம்பலாகத் தெரியும். விஏ-யில் 3000:1 கூட எளிதாகக் கிடைக்கும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, இருண்ட காட்சிகளில் வேகமாகத் திரும்பும்போது மை இழுத்ததுபோல ஒரு தடம். மலிவான வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ என்பதை மறக்க வேண்டாம். திகில் விளையாட்டு, படம் என்றால் விஏ பரவாயில்லை. துப்பாக்கிச் சண்டை என்றால் ஐபிஎஸ்.

ஓஎல்இடி தனி உலகம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. புள்ளி மாறும் வேகத்திலும் மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. 2022-இல் கியூடி-ஓஎல்இடி மானிட்டர்கள் வந்தபிறகு கேமிங்கில் இதுதான் உச்சம். தயங்க வேண்டிய காரணம் பர்ன்-இன், அதாவது அசையாத படம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துபோவது. பகல் முழுக்க எக்செல், கோடு எடிட்டர், அடியில் டாஸ்க்பார் என்று அசையாத படத்தை மணிக்கணக்கில் வைத்திருப்பவர் வாங்கினால் தழும்பு விழும் வாய்ப்பு அதிகம். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வாரன்டி அட்டையில் பர்ன்-இன் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள், கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு வாசகங்களை நம்பி ஏமாற வேண்டாம். ஒன்று "1 மில்லி நொடி". அது ஜிடிஜி என்றால் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம், அதிலும் மிகச் சாதகமான ஒரு மாற்றத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். எம்பிஆர்டி என்றால் பின்னொளியை விட்டு விட்டு எரியச் செய்து எடுத்த எண். அந்த வசதியைப் போட்டால் வெளிச்சம் குறையும். இன்னொன்று "எச்டிஆர்", அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வித்தியாசம் காட்டும் வசதி. டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற சான்றுக்குப் பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி தேவையே இல்லை. அந்த வசதி இல்லாத எல்இடி திரையில் எச்டிஆர் போட்டால் படம் வெளிறிப் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். எச்டிஆர் நிஜமாகவே வேண்டுமென்றால் மினி எல்இடி (பின்னொளி பல சிறு பகுதிகளாகப் பிரிந்தது) அல்லது ஓஎல்இடி. இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க், கேபிள்

கார்டு படம் கொடுக்கும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இரண்டின் சாரம். படம் குறுக்கே கிழிவதும் திக்குவதும் குறையும். என்விடியா 2013-இல் ஜி-சிங்க்கை அறிமுகப்படுத்தியபோது மானிட்டருக்குள் தனி மாட்யூல் வைக்க வேண்டியிருந்தது, விலையும் ஏறியது. 2019 ஜனவரியில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் சாதாரண அடாப்டிவ் சிங்க் (இதே வேலைக்கான பொது முறை, ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்கிறது) மானிட்டர்களில் ஓடும் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு "என்விடியா கார்டு, அதனால் ஜி-சிங்க் மானிட்டர்தான்" என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. நம் 1660 சூப்பரே ஃப்ரீசிங்க் மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் வழியாக நன்றாக வேலை செய்யும்.

பார்க்க வேண்டியது வேக எல்லை. 48 முதல் 165 ஹெர்ட்ஸ் வரை என்று இருந்தால் நல்லது. மேல் எல்லை கீழ் எல்லையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான், ஃப்ரேம் 48-க்குக் கீழே விழும்போது ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கும் வேலை ஒழுங்காக நடக்கும்.

கேபிள் விஷயத்தில் சுருக்கமாக: கணினிக்கு டிஸ்ப்ளே போர்ட். 1440பி 165 ஹெர்ட்ஸை டிஸ்ப்ளே போர்ட் 1.2-வே தாங்கும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 1440பி-இல் 144 வரை, 4கே-யில் 60 வரை. 4கே 144 வேண்டுமென்றால் டிஎஸ்சி சுருக்கத்தோடு டிஸ்ப்ளே போர்ட் 1.4, அல்லது முழு வேக எச்டிஎம்ஐ 2.1. "முழு வேக" என்று சொல்லக் காரணம் உண்டு: இப்போதைய விதிப்படி பழைய 2.0 திறன் மட்டுமே உள்ள கருவியையும் 2.1 என்று அழைக்கலாம். பெயரைப் பார்க்காமல் எந்த ரெசல்யூஷனில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பட்டியலில் பாருங்கள்.

இப்போது கார்டு

27 அங்குல 1440பி 165 ஹெர்ட்ஸ் என்று மானிட்டரை முடிவு செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் முதலில் பார்க்க வேண்டியது நினைவகம். 1440பி-க்கு 8 ஜிபி கார்டை இனிமேல் புதிதாக வாங்காதீர்கள். நினைவகம் நிரம்பினால் சராசரி ஃப்ரேம் மட்டும் குறைந்து நிற்காது. திடீர் திடீரென்று திக்கும், அல்லது விளையாட்டே சத்தமில்லாமல் டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைத்துவிடும், சுவரெல்லாம் களிமண் பூசியதுபோல் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் இரண்டு வகை. அறிமுக விலை 379 டாலர், 429 டாலர். ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே, 299, 349. இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர். அந்தக் காசை மிச்சம் பிடிப்பவர் பிறகு வருந்துவார். பில் போடும் முன் பெட்டியில் 16 ஜிபி என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது, பழைய மதர்போர்டுக்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று: பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக பிசிஐஇ) லேன்கள், அதாவது கார்டும் போர்டும் தரவு பரிமாறும் பாதைகள். பி450 போர்டு பிசிஐஇ 3.0. 5060, 5060 டிஐ, ஆர்க் பி580 மூன்றுமே 8 லேன்தான் பயன்படுத்தும். புதிய போர்டில் அது குறையே இல்லை. 3.0 போர்டில் ஒவ்வொரு லேனின் வேகமும் குறைவு என்பதால் பாதை குறுகிவிடும். நினைவகம் போதாமல் கணினி ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டி வரும்போதுதான் அது கடுமையாக உறைக்கும். ஆகவே 8 ஜிபி, 8 லேன், பழைய போர்டு என்ற மூன்றும் சேர்வதுதான் மிக மோசமான கூட்டணி. 9060 எக்ஸ்டி 16 லேனையும் பயன்படுத்துகிறது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நம் உதாரணக் கணினிக்கு என் முதல் தேர்வு 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. மின்சாரம் 160 வாட்தான் கேட்கும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும், 1440பி-க்கு ஏற்ற கார்டு. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது என்று கேமிங் தவிர வேலையும் இருந்தால் 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-க்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். கூடா என்ற என்விடியாவின் அடித்தளத்தை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏராளம். ஆர்டிஎக்ஸ் 5060-இல் 8 ஜிபிதான். 1080பி-ஐத் தாண்ட மாட்டேன் என்பவர்களுக்கு மட்டும்.

இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகத்தோடு 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தபோது பாராட்டு குவிந்தது. ஆனால் அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிகம் வேலை வாங்கும். பழைய பிராசஸர்களோடு சேர்த்தால் வேகம் கணிசமாகக் குறைவது 2025 தொடக்கத்தில் வந்த சோதனைகளில் தெரிந்தது. ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகுவது) வசதியும் கட்டாயம். ரைசன் 5 3600 வைத்திருப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். புதிய பிராசஸர் உள்ளவர் தாராளமாக எடுக்கலாம்.

ஆர்எக்ஸ் 9070 (16 ஜிபி, 220 வாட்), ஆர்டிஎக்ஸ் 5070 (12 ஜிபி, 250 வாட்), 9070 எக்ஸ்டி (16 ஜிபி, 304 வாட்) ஆகியவை 1440பி-ஐ உயர் தரத்தில் ஓட்டும், 4கே-யையும் எட்டிப் பிடிக்கும். நம் கணினியில் போட்டால் பல விளையாட்டுகளில் 3600 பிராசஸர் குறுக்கே நிற்கும். அப்போது பிராசஸரையும் மாற்ற வேண்டும். அதிர்ஷ்டவசமாக ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) நீண்ட ஆயுள் கண்டது. பி450 போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 7 5700எக்ஸ் போட்டுக்கொள்ளலாம். போர்டு, ரேம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 5700எக்ஸ்3டி எங்காவது நியாயமான விலையில் கிடைத்தால் விடாதீர்கள், அதன் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கேமிங்கில் பெரிய வித்தியாசம் காட்டும். 5070 டிஐ, 5080 எல்லாம் 4கே திரைக்காரர்களின் விஷயம். இந்தக் கணினியில் போடுவதற்குப் பதில் புதுக் கணினியாகவே கட்டிவிடலாம்.

இன்னும் ஜிடிஎக்ஸ் 1060, 1070 வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த பாஸ்கல் தலைமுறைக்கான விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்றும் என்விடியா அறிவித்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் யாராவது மலிவாகக் கொடுத்தாலும் இனி வாங்க வேண்டாம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் பற்றிக் கொஞ்சம்

டிஎல்எஸ்எஸ் என்விடியாவுடையது, எஃப்எஸ்ஆர் ஏஎம்டி-யுடையது. இரண்டும் செய்யும் அப்ஸ்கேலிங் என்பது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது. 4கே-யில் குவாலிட்டி என்று போட்டால் உள்ளே 1440பி-இல் வரைகிறது. பெர்ஃபார்மன்ஸ் என்றால் 1080பி. இது இல்லாவிட்டால் நடுத்தரக் கார்டுகளுக்கு 4கே கனவுதான். திரை பெரிதாகவும் புள்ளிகள் அதிகமாகவும் இருக்கும்போது அப்ஸ்கேலிங் நன்றாக எடுபடும், 1080பி திரையில் படம் மங்கலாகும். ஆர்டிஎக்ஸ் என்று பெயர் தொடங்கும் எல்லாக் கார்டிலும் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் உண்டு. ஏஎம்டி-யின் தரமான எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசையோடுதான் வந்தது.

ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு. அது இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே கற்பனைப் படங்களைச் செருகுகிறது. எண்ணிக்கை இரண்டு, மூன்று, நான்கு மடங்காகத் தெரியும். கை அசைவுக்குத் திரை பதில் சொல்லும் வேகம் ஏறாது, சற்றே குறையும். அடிப்படையில் 60 ஃப்ரேமாவது ஓடும் கணினியில் போட்டால் படம் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். 30-இல் திணறும் கணினியில் போட்டால் எண் மட்டும் பெரிதாக இருக்கும், சேற்றில் நடப்பதுபோலவே இருக்கும். விளம்பரத்தில் "இத்தனை மடங்கு வேகம்" என்று கோடு போட்டுக் காட்டினால், அடியில் பொடி எழுத்தில் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், வெப்பம்

என்விடியா 5060 டிஐ-க்கு 600 வாட், 5070-க்கு 650, 5070 டிஐ-க்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கிறது. கூட்டிக் கழித்தால் தேவை இதைவிடக் குறைவாகத்தான் வரும். தரமில்லாத எஸ்எம்பிஎஸ்களையும் கணக்கில் வைத்து நிறுவனங்கள் தாராளமாகச் சொல்கின்றன. 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான) சான்று பெற்ற நல்ல பிராண்ட் 550 வாட் என்றால் 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டுக்கும் தாங்கும். கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் எந்தக் கார்டும் வாங்கும் முன் அதைத்தான் மாற்ற வேண்டும்.

8 பின் இணைப்பு ஒன்று 150 வாட் தரும், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட். மேல்தட்டு என்விடியா கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பு சரியாக உட்காராமல் உருகிய சம்பவங்கள் 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-இல் பெரிய செய்தியானது. அந்த வகைக் கார்டு என்றால் இடைவெளி தெரியாதபடி முழுக்க அழுத்திப் பொருத்துங்கள், இணைப்புக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்காதீர்கள்.

நம் ஊரில் யூபிஎஸ்ஸைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். 9060 எக்ஸ்டி 160, ரைசன் 5 3600 முழு வேகத்தில் 88, மானிட்டர், மின்விசிறி, மற்றவை 70 என்று கூட்டினால் 318. எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் 350-ஐத் தொடும். விளிம்பில் நிற்கிறது. 5070 போட்டால் தாண்டிவிடும். கரன்ட் போன நொடியில் யூபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். அப்போது 1000 விஏ-க்கு மேல் பார்க்க வேண்டும். மலிவான யூபிஎஸ்களின் சதுர அலை மின்சாரம் சில நவீன எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துவராது, வாங்கும் முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு இழுக்கும் 300 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியேறும். மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறை என்றால் 160 வாட் கார்டும் 300 வாட் கார்டும் ஒன்றல்ல. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினட் என்றால் இன்னும் மோசம். கார்டின் நீளம் கேபினட்டுக்குள் போகுமா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். மூன்று விசிறி வைத்த கார்டுகள் சில 30 சென்டிமீட்டரைத் தாண்டும்.

வாங்கும் இடத்தில்

மானிட்டரைக் கடையிலேயே ஓடவிட்டு முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் நிறமாகப் போட்டுப் பாருங்கள். செத்த பிக்சல் ஒன்றிரண்டு இருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்பது பல நிறுவனங்களின் விதி. ஆகவே கடையை விட்டு வெளியே வருவதற்குள் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய விலையைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் விற்பவர் கணினியிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். திரையில் பூச்சி பறப்பதுபோல நிறப் புள்ளிகள் வந்தால் நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது. ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருள் போலிக் கார்டுகளைக் காட்டிக் கொடுக்கும். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுப்பதில்) ஓடிய கார்டு என்பதற்காக மட்டும் ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். பில்லும் மிச்ச வாரன்டியும் இல்லாத கார்டுக்குப் புதிய கார்டின் பாதி விலைக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

பொருத்திய பிறகு

என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்கோ, மறுதலையாகவோ மாறுகிறீர்கள் என்றால் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருளால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். சொல்லத் தேவையில்லாத விஷயம் மாதிரி இருந்தாலும், புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் இது அடிக்கடி வருகிறது.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ஹெர்ட்ஸை மாற்றுங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, மாதக்கணக்கில் 60-இலேயே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் விண்டோஸ் தானாக மாற்றாமல் விடுவது உண்டு. பயாஸில் ரீசைசபிள் பார் இருந்தால் போட்டுவிடுங்கள். மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் அணைந்திருந்தால் அதையும்.

அதே மெனுவில் ஓவர்டிரைவ் என்று, புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு ஒன்று இருக்கும், சிலர் அதை ரெஸ்பான்ஸ் டைம் என்று எழுதியிருப்பார்கள். உச்சத்தில் வைத்தால் வேகமாக நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் விழும். நடுவில் வைத்துத் தொடங்கி, கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக, ஃப்ரேம் வரம்பை மானிட்டரின் ஹெர்ட்ஸைவிடச் சில எண் கீழே, 165 என்றால் 160 போல, வையுங்கள். அந்த எல்லைக்குள் இருக்கும்வரைதான் அடாப்டிவ் சிங்க் வேலை செய்யும். கார்டும் தேவையில்லாமல் கூடுதல் ஃப்ரேம் வரைந்து சூடாகாது.